இரும்பு மாத்திரைக்கு ஏறாத ரத்தம்

"எட்டு வருஷமா இரும்பு மாத்திரை சாப்பிடறேன் டாக்டர். ரத்தம் ஏறவே மாட்டேங்குது."

முப்பதை நெருங்கும் அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் உறையைத் திறந்து பழைய ரிப்போர்ட்டுகளை மேசைமேல் அடுக்கினார். மொத்தம் பதினொன்று. எல்லாவற்றிலும் ஹீமோகுளோபின் வரியைச் சுற்றி மட்டும் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. 10.8, 10.6, 11. அதற்குக் கீழே இருந்த வரிகளை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை.

நான் ரத்தப் பரிசோதனைக்கூட மருத்துவர். நோயாளிகள் என்னிடம் வருவது அபூர்வம். அவர்களுடைய ரத்தம்தான் வரும். இவரை அனுப்பி வைத்த மருத்துவருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது, அதனால் ஆளே வந்துவிட்டார்.

வட்டம் போடாத வரிகளைப் பார்த்தேன். சிவப்பணுக்களின் எண்ணிக்கை, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு 57 லட்சம். எம்.சி.வி. 62. இந்த எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். பெரியவர்களுக்கு 80 முதல் 100 வரை இருக்க வேண்டும். இதை அளக்கும் முறை எனக்கு எப்போதும் பிடிக்கும். மிகச் சிறிய துளை ஒன்றின் வழியாக அணுக்கள் ஒவ்வொன்றாக நழுவிப் போகும். ஒவ்வொன்றும் கடக்கிற கணத்தில் மின்னோட்டம் லேசாகத் தடைபடும். எத்தனை முறை தடைபட்டதோ அதுதான் எண்ணிக்கை. எவ்வளவு தடைபட்டதோ அது அணுவின் அளவு. வாலஸ் கோல்ட்டர் 1953இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்றைய கருவிகள் பலவும் இதே தந்திரத்தில்தான் ஓடுகின்றன.

சரி, 57 லட்சத்துக்கு வருவோம். இரும்புச்சத்து குறைந்தால், சிவப்பணுக்களைத் தயாரிக்கும் எலும்பு மஜ்ஜையிடம் சரக்கு இருக்காது. அணுக்கள் சிறுத்துப் போகும், எண்ணிக்கையும் குறையும். 39 லட்சம் அணுக்கள், எம்.சி.வி. 71 என்பது அப்படிப்பட்டவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் கணக்கு. இந்தப் பெண்ணுக்கோ அணுக்கள் அதைவிடச் சிறியவை, எண்ணிக்கை மட்டும் தாராளம். சரக்கு இல்லாத மஜ்ஜையால் இப்படி உற்பத்தி செய்ய முடியாது. 57 லட்சம் என்பது 5.7 மில்லியன்; 62ஐ அந்த 5.7ஆல் வகுத்தால் 10.9 வருகிறது. மென்ட்சர் என்ற மருத்துவர் 1973இல் சொன்ன எளிய வகுத்தல் இது: விடை 13க்குக் கீழே இருந்தால் தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் கோளாறு) கேரியராக, அதாவது அதன் பழுதான மரபணு ஒன்றைச் சுமப்பவராக இருக்கலாம் என்று சந்தேகி, மேலே இருந்தால் இரும்புக் குறைவை முதலில் பார். இந்த ஒரு கணக்கை வைத்து நோயை உறுதி செய்துவிட முடியாது. ஆனால் அடுத்து எந்தப் பரிசோதனை என்று கை காட்டிவிடும்.

ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளில் "இரும்புக் குறைவாக இருக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சிறிய, வெளிறிய அணு என்றாலே இரும்பு என்று கை தானாக எழுதிவிடும்.

அவருடைய ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சிவப்பணு நடுவில் குழிந்த வட்டத்தட்டு. நன்றாக இருந்தால் நடுவில் மட்டும் வெளிறித் தெரியும். இவருடையவற்றில் பல அணுக்கள், வெளிறிய வளையத்துக்கு நடுவே மறுபடி ஒரு சிவப்புப் பொட்டோடு இருந்தன. குறிபார்த்துச் சுடுகிற பலகை போலிருக்கும். ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்புச் சேமிப்பு, சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனையில், ஏ2 என்ற வகை 5.2 சதவீதம். 3.5ஐத் தாண்டினாலே பீட்டா தலசீமியா கேரியர் என்று பார்ப்போம். அப்புறம் என்ன சந்தேகம்?

ஹீமோகுளோபின் என்பது நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்தது. இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. ஒவ்வொன்றிலும் ஒரு வளையம், அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. (இலையின் பச்சையத்திலும் ஏறக்குறைய இதே வளையம்தான், நடுவில் இரும்புக்குப் பதில் மக்னீசியம். நம் சிவப்பும் இலையின் பச்சையும் பங்காளிகள்.) இவருக்கு இரும்பில் குறை இல்லை, சங்கிலியில்தான் குறை. பீட்டா சங்கிலிக்கான மரபணு 11ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இரண்டில் ஒன்று பழுது. இன்னொன்று நன்றாக வேலை செய்வதால் வாழ்க்கை ஓடுகிறது. இப்படிப்பட்டவர் நோயாளி அல்ல, கேரியர். பெரும்பாலானோருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. இரும்பு மாத்திரையால் இந்தச் சங்கிலி சரியாகாது. தேவையில்லாமல் ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் இரும்பு உடலில் சேரவும் கூடும். அதற்காக யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்; கேரியருக்கும் இரும்பு குறையலாம், கர்ப்பத்தில் தேவைப்படலாம். இரும்பு குறைந்திருந்தால் ஏ2 அளவும் சற்று இறங்கிக் காட்டி ஏமாற்றும். ஃபெரிட்டினைச் சேர்த்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

அந்தப் பெண்ணிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "குழந்தை பற்றி யோசிச்சிட்டு இருக்கீங்களாம்மா?" என்பது. தயங்கி, ஆமாம் என்றார்.

ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டேன். மெண்டல் பட்டாணிச் செடியில் பார்த்த அதே கணக்கு. கணவரும் கேரியர் என்றால், நான்கில் ஒரு வாய்ப்பு, குழந்தைக்கு இரண்டு மரபணுவும் பழுதாக வரலாம். இது ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாகப் போடும் கணக்கு. "முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு, இனி மூணு பிள்ளை தப்பிச்சுடும்" என்று நம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது.

அப்படிப் பிறக்கும் குழந்தை முதலில் நன்றாகவே இருக்கும். கருவில் இருந்தபோது உருவான ஹீமோகுளோபினுக்குப் பீட்டா சங்கிலி தேவையில்லை. அது வற்ற வற்ற, பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் குழந்தை வெளுக்கத் தொடங்கும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு யூனிட் ரத்தத்தோடும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ளே போகிறது. ஆரோக்கியமான உடல் ஒரு நாளில் உறிஞ்சுவதே 1, 2 மில்லிகிராம்தான். மிஞ்சியதை வெளியே தள்ள உடலில் வழியே இல்லை. அது இதயத்திலும் கல்லீரலிலும் படியாமலிருக்க வாழ்நாள் முழுக்க மருந்து. எலும்பு மஜ்ஜை மாற்று சிலருக்கு வாய்க்கும். 2023இல் மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு முதன்முதலாக ஒப்புதல் கிடைத்தது. குழந்தைப் பருவத்தோடு உறங்கிப்போன அந்தக் கரு ஹீமோகுளோபினை மீண்டும் எழுப்பிவிடுவதுதான் அதன் உத்தி. அற்புதமான யோசனை. ஆனால் எளிதில் கைக்கு எட்டாத வைத்தியம்.

கணவருக்கு இதே பரிசோதனை வேண்டும் என்றேன். "அவருக்கு ரத்தம் நல்லா இருக்கே" என்றார். ஹீமோகுளோபின் பதினான்கு இருக்கும் ஆணும் கேரியராக இருக்கலாம். அதோடு, தலசீமியாவை மட்டும் பார்த்தால் போதாது. ஹீமோகுளோபின் ஈ, அரிவாள் அணு போன்ற வேறு ஹீமோகுளோபின் கோளாறுகளின் கேரியராக இருந்தாலும் குழந்தைக்குச் சிக்கல் வரலாம், எச்.பி.எல்.சி. அவற்றையும் காட்டிவிடும். இருவரும் கேரியர் என்று தெரிந்தால், கர்ப்பத்தின் 11ஆவது வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடித் திசுவில் சிறு மாதிரி எடுத்து, கருவின் மரபணுவைப் பார்க்க முடியும்.

அடுத்த வாரம் கணவர் வந்தார். எம்.சி.வி. 88, ஏ2 2.6, வேறெந்த மாற்றமும் இல்லை. குழந்தைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் கேரியர் நிலை வரலாம், நோய் வராது என்று சொன்னதும் அவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் கேட்டார்: "அப்போ எங்கம்மாவுக்கும் இதே மாதிரி எப்பவும் ரத்தம் கம்மின்னு சொல்லுவாங்களே?" அம்மாவுக்கு இருந்தால், தங்கைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தங்கைக்கு அப்போதுதான் திருமணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பரிசோதனைச் சீட்டில் இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.