காட்டு மலைப்பாதையில் இறக்கம்தான் கவனிக்க வேண்டியது

காட்டு மலைப்பாதையில் நடக்கப் போயோ மவுண்டன் பைக் எனும் மலைச் சைக்கிள் ஓட்டப் போயோ அடிபட்டு பிசியோதெரபிக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஏறும்போது விழுந்தீர்களா, இறங்கும்போதா என்பதைத்தான். இறங்கும்போது என்பதே பெரும்பாலும் வரும் பதில். அதிலும், சிரமமெல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்போடு வரும் கடைசிப் பகுதியில் விழுந்தவர்களே அதிகம். மூச்சு வாங்கவில்லை என்பதால் கால்களும் களைக்கவில்லை என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு.

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கி, பிரேக் போல வேலை செய்கிறது. இப்படி நீண்டபடி உழைக்கும் தசைக்கு ஆக்சிஜன் குறைவாகவே தேவைப்படுவதால் மூச்சும் இதயத்துடிப்பும் சீராகவே இருக்கும். ஆனால் தசை இழைகளில் நுண்ணிய சேதம் சேர்ந்துகொண்டே போகும். அதன் வலி உடனே தெரியாமல், 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை எட்டுகிறது. எனவே பாதையில் இருக்கும்போது வலியை எதிர்பார்த்துக் காத்திருக்காமல், நின்றால் தொடை நடுங்குகிறதா, பாதம் தரையில் தட்டென்று விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

நடப்பவர்கள் இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்று, குதிகால் பின்னால் அழுந்தும்படி ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டால், விரல் நுனி முன்னால் மோதி நகம் கறுப்பது குறையும். முழங்காலைச் சற்று மடக்கியே வைத்து, சிறு சிறு எட்டாக இறங்க வேண்டும். ஊன்றுகோல் வைத்திருப்பவர்கள் அதன் நீளத்தை இறக்கத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கூட்டிக்கொள்வது நல்லது. ஈரமான வேரின் மேல் கால் வைக்காமல் அதைத் தாண்டி வைக்க வேண்டும். பட்டை உரிந்து வழவழப்பான வேர், பாறையைவிட மோசமாக வழுக்கும். கணுக்கால் பிசகியவரால் உடனேயும் பிறகும் 4 எட்டுகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றால், அது சுளுக்குதான் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

சைக்கிளில் இறங்குபவர்களுக்குத் தொடையோடு கையும் களைக்கிறது. பிரேக் நெம்புகோலை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் முன்கை மரத்துப்போய், அவசரத்துக்கு விரல் மடங்காது. நேரான இடத்திலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வளைவில் பிரேக்கைத் தளர்த்துவதும், இரு பெடல்களையும் சமமட்டத்தில் நிறுத்தி, முழங்கையை மடக்கி, சரிவு செங்குத்தாகும்போது இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் கொண்டுபோவதும் பழக்கத்தில் வர வேண்டியவை. சரளையில் முன்பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்தினால் முன்சக்கரம் சறுக்கிவிடும். நல்ல பிடிப்புள்ள செங்குத்துச் சரிவிலோ ஆளையே ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கியெறியும்.

அப்படி விழுபவர் கையை ஊன்றித்தான் விழுகிறார். அதில் காறை எலும்பு முறிந்தால் பார்த்தாலே தெரிந்துவிடும். மணிக்கட்டில் உள்ள ஸ்காஃபாய்டு என்ற சிறு எலும்பு விரிசல் விட்டால் அப்படித் தெரியாது. வீக்கம் குறைவாக இருக்கும், முதல் எக்ஸ்ரேயில்கூடத் தென்படாமல் போகலாம். கட்டைவிரலை நன்றாக நீட்டினால் அதன் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் ஒரு குழி விழும். அந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறதென்றால், எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் கையை அசையாமல் கட்டிவைத்து, 10 முதல் 14 நாட்களில் மறுபடி படம் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல்பக்க முனை வழியாகவே வருவதால், கவனிக்காமல் விட்ட முறிவில் மறுபாதி ரத்தமின்றிச் செத்துப்போக வாய்ப்புண்டு.

இருவருக்கும் பொதுவான பாதையில், நடப்பவருக்குச் சைக்கிள்காரரும், ஏறுபவருக்கு இறங்குபவரும் வழிவிடுவதே பல நாடுகளிலும் உள்ள வழக்கம். முன்னால் தெரியாத வளைவுக்கு முன்பே மணியடித்துவிட வேண்டும். இரு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு நடப்பவருக்கு அந்த மணி எதற்கு உதவும் என்று எனக்குத் தெரியவில்லை.

நேரக் கணக்கிலும் இறக்கத்தை விட்டுவிடுகிறோம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதிப்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். செங்குத்தான இறக்கத்துக்கு ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிடம் கூட்ட வேண்டும் என்பது பின்னால் வந்த திருத்தம். இதைக் கூட்டாமல் கிளம்புபவர்கள், மரநிழலில் முன்னதாகவே இருட்டும் காட்டில் கடைசி இறக்கத்தை அவசரமாக இறங்குகிறார்கள்.

இறக்கத்துக்குத் தசையைப் பழக்குவது கடினமல்ல. ஒருமுறை நன்றாக இறங்கிப் பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே உழைப்பால் முன்னளவு சேதமடைவதில்லை. எனவே பயணத்துக்கு ஓரிரு வாரம் முன்பே, இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு, மாடிப்படிகளில் நிதானமாக இறங்கிப் பாருங்கள். முழங்கால் வலி ஏற்கெனவே இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மேலே போவதற்கு லிஃப்டைப் பயன்படுத்தினாலும் தவறில்லை.