எக்டைசிஸ்: உரிவது தோலா, சட்டையா?

பூச்சி உடலியங்கியலில் புழு, கூட்டுப்புழு வளர்ச்சி பற்றிய ஆய்வுக் கட்டுரை எதைப் பிரித்தாலும் 'எக்டைசிஸ்' என்ற சொல் சீக்கிரமே எதிர்ப்பட்டுவிடும். நாம் பள்ளியில் படித்த தமிழ் 'தோலுரித்தல்'. 'மோல்டிங்' என்பதற்கும் அதே தோலுரித்தல்தான். இரண்டு சொல்லுக்கு ஒரே தமிழ் இருந்தால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். சும்மா படித்துவிட்டுப் போகிறவருக்கு ஒன்றும் இல்லை. கட்டுரையின் முடிவு சரியா என்று எடைபோட உட்காருபவருக்குத்தான் சிக்கல்.

முதலில் சொல்லின் ஊர். கிரேக்கத்தில் எக்டைசிஸுக்கு உடையைக் களைதல் என்று பொருள். 'எக்' என்பது வெளியே. பின்பாதி உடுத்துவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ஆக, சொல்லுக்குள் தோல் இல்லை, துணிதான் இருக்கிறது.

தமிழுக்கு இது புதிதல்ல. பாம்பு சட்டை உரித்தது என்றுதான் சொல்கிறோம். பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்குக் கொடுக்கும் ஆடையே 'அரவுரி அன்ன அறுவை'தான். இழை போன வழி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய துணி, பாம்பின் உரி மாதிரி. கிரேக்கச் சொல் உரியைத் துணியாகப் பார்த்தது. நம் புலவர் துணியை உரியாகப் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு சொல்வளம் கையில் இருக்கும்போது பாடநூல் ஏன் தோலைப் பிடித்துக்கொண்டது என்று தெரியவில்லை.

உயிரியல்படியும் சட்டைதான் பொருத்தம். பூச்சியின் தோல் செல்கள் எங்கும் போவதில்லை. அவை சுரந்து மேலே போர்த்திய, கைட்டின் என்ற கெட்டியான நார்ப்பொருளும் புரதமும் கலந்த உறைதான் கழல்கிறது. மூச்சுக்குழாய்களின் உள்பூச்சும் அதோடு சேர்ந்து வந்துவிடும். 'தோலுரிப்பது' என்றால் தமிழில் அம்பலப்படுத்துவது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது வேறு தொல்லை.

சரி, மோல்டிங்குக்கும் எக்டைசிஸுக்கும் என்ன வேறுபாடு? மோல்டிங் என்பது முழு வேலை. முதலில் பழைய உறை தோல் செல்களிலிருந்து விடுபடுகிறது. இதற்கு 1966-இல் விலங்கியலாளர்கள் ஜென்கினும் ஹின்டனும் 'அபோலிசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு இடைவெளியில் ஒரு திரவம் சுரந்து பழைய உறையின் உள்பகுதியைக் கரைக்கிறது. அடியில் புது உறை உருவாகிறது. இதெல்லாம் முடிந்து, பூச்சி காற்றை விழுங்கி உடலை உப்பவைத்து, பழையதை வெடிக்கச் செய்து வெளியே வருகிறதே, அந்தக் கடைசிக் காட்சி மட்டும்தான் எக்டைசிஸ்.

இதைக் கலந்துவிட்டால் எக்டைசோன் என்ற ஹார்மோன் பற்றிய எந்தக் கட்டுரையும் புரியாது. 1954-இல் ஜெர்மன் உயிர்வேதியியலாளர்கள் பூட்டனான்ட்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து வெறும் 25 மில்லிகிராம் பிரித்தெடுத்தார்களே, அதேதான். பெயரைப் பார்த்தால் எக்டைசிஸை நடத்திவைப்பது இதுதான் என்று தோன்றும். உண்மையில் இது தொடக்கி வைப்பது முந்தைய வேலைகளை: உறை விடுபடுவது, புதியது உருவாவது. அப்புறம் இதன் அளவு இறங்கினால்தான் எக்டைசிஸ் நடக்கும். அந்தக் கடைசிக் கட்டத்தைத் தூண்டுவது வேறு பெப்டைடு ஹார்மோன்கள். எக்டைசோனை 'தோலுரிப்பு ஹார்மோன்' என்று மொழிபெயர்த்துவிட்டு, உறை கழலும் நேரத்தில் அதன் அளவைக் காட்டும் வரைபடக் கோடு கீழே கிடப்பதைப் பார்க்கும் மாணவர் கட்டுரையில் பிழை என்றுதான் நினைப்பார். பிழை பெயரில்.

டெபுஃபெனோசைட் என்ற பூச்சிக்கொல்லி, மோல்டிங் தொடங்குவதற்கும் எக்டைசிஸில் முடிவதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் வேலை செய்கிறது. எக்டைசோன் வந்து ஒட்டவேண்டிய புரதத்தில், அதாவது அதன் ஏற்பியில், போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் எளிதில் விலகாது. புழு இரை எடுப்பதை நிறுத்திவிட்டு, காலம் வருமுன்பே உறை மாற்றத் தொடங்கும். முடிக்க முடியாது. பழைய சட்டைக்குள்ளேயே சிக்கிச் செத்துப்போகும். 'மோல்டிங் தடைபட்டது' என்று இதை எழுதுபவர் பாதி உண்மைதான் சொல்கிறார். தொடங்கியது, முடியவில்லை. எந்தக் கட்டத்தில் நின்றது என்று கட்டுரை காட்டுகிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

என் பரிந்துரை: எக்டைசிஸ் சட்டை உரித்தல், மோல்டிங் சட்டை மாற்றம், அபோலிசிஸ் சட்டை விடுபடல். எக்டைசோனை அப்படியே விட்டுவிடலாம். மாற்றினால் அந்தப் பெயரின் தவறையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டிவரும்.

இன்னொரு சொல்லும் இதே குடும்பத்துக்காரர். பழைய உறை விடுபட்டும் கழலாமல், அதற்குள்ளேயே பதுங்கியிருக்கும் பூச்சியை ஹின்டன் 1946-இல் 'ஃபாரேட்' என்று அழைத்தார். கிரேக்கத்தில் ஃபாரோஸ் என்றால் மேலாடை. இங்கேயும் துணிதான்! 'போர்வை நிலை' என்று சொன்னால் உடனே விளங்கும். ஒரு சட்டை மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் இடைப்பட்ட வளர்ச்சிக் கட்டத்தைப் பருவம் என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நான்காம் பருவப் புழு. போர்வைக்குள் அது ஏற்கெனவே ஐந்தாம் பருவம். பருவத்தைச் சட்டை விடுபட்ட கணத்திலிருந்து எண்ண வேண்டும் என்று ஹின்டன் வாதாடினார். பெரும்பாலான ஆய்வகங்கள் இன்றும் கண்ணுக்குத் தெரிகிற சட்டை உரித்தலிலிருந்துதான் எண்ணுகின்றன, வசதி அதில்தான். அதனால் 'ஐந்தாம் பருவம், முதல் நாள்' என்று ஒரு வரைபடம் தொடங்கினால், செய்முறைப் பகுதிக்குத் திரும்பிப்போய் அந்த நாளை எதிலிருந்து எண்ணினார்கள் என்று முதலில் பார்த்துவிடுவது என் வழக்கம்.