வெயில், மழை, மலைக்குளிர்: மிதிவண்டி ஓட்டுபவரின் உடையைப் பற்றி ஒரு தோல் மருத்துவரின் குறிப்புகள்

சென்ற ஜூன் மாதம், நாற்பது வயதைக் கடந்த ஒருவர் தொடை இடுக்கில் தாங்க முடியாத அரிப்பு என்று என்னிடம் வந்தார். மிதிவண்டி ஓட்டத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. வாரத்தில் நான்கு நாள் விடியற்காலை 5 மணிக்குத் திருவான்மியூரிலிருந்து புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை போய்த் திரும்புவதாகச் சொன்னார். இரண்டு தொடைகளிலும் வளையம் வளையமாகப் படர்தாமரை இருந்தது. உள்ளாடையின் விளிம்புத் தையல் அழுந்திய இடத்தில் மட்டும் தோல் கறுத்து, கயிறு பதிந்ததுபோல் தடித்திருந்தது. மெத்தை வைத்த சைக்கிள் ஷார்ட்ஸை நல்ல விலை கொடுத்துத்தான் வாங்கியிருந்தார். ஆனால் அதற்குள் வழக்கமான பருத்தி ஜட்டியும் அணிந்துகொண்டிருந்தார். ஓட்டி முடித்ததும் நண்பர்களோடு உட்கார்ந்து டிபன் சாப்பிட்டு, அதே ஈர உடையோடு வீடு திரும்பி, அவர் குளிக்கும்போது மணி ஒன்பதாகிவிடும்.

இப்படி வருபவர்கள் எந்தச் சோப்பு நல்லது, எந்தப் பவுடர் நல்லது என்று கேட்கிறார்கள். என்ன உடுத்த வேண்டும், அதை எப்போது கழற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்பவர்களும் இணையத்தில் குளிர்நாட்டினர் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு, அடுக்கடுக்காக எதை எதன்மேல் போடுவது என்றுதான் கேட்கிறார்கள். தமிழ்நாட்டின் சமவெளியில் மிதிவண்டி ஓட்டுபவருக்கு ஆண்டின் பெரும்பகுதியில் குளிர் ஒரு பொருட்டே அல்ல. இங்கே உடையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எண்ணிப்பார்க்க வேண்டியது, தோலை ஒட்டி எவ்வளவு ஈரம் எவ்வளவு நேரம் தங்கும் என்பதைத்தான்.

வியர்வை வழிந்து ஓடுவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். ஆனால் கடற்கரை ஊர்களின் கோடை விடியலில் காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால், வியர்வை ஆவியாக இடமில்லாமல் சட்டையிலும் ஷார்ட்ஸிலும் இறங்கி ஊறுகிறது. உலர்ந்த தோலைவிட ஈரத்தோலில் உராய்வு அதிகம். ஒரு மணி நேரத்தில் பல ஆயிரம் முறை மேலும் கீழும் போகும் தொடையில் அந்த உராய்வு முதலில் எரிச்சலாகவும், பிறகு சிராய்ப்பாகவும், அந்தச் சிராய்ப்பில் கிருமி புகும்போது மயிர்க்கால் கொப்புளமாகவும் சீழ்க்கட்டியாகவும் மாறுகிறது. படர்தாமரைப் பூஞ்சைக்கும் இதே வெதுவெதுப்பும் ஈரமும்தான் வேண்டும்.

துணி வாங்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு நீரைத் தன் இழைக்குள் ஏற்றுக்கொள்ளும்; பாலியஸ்டர் ஏற்பது 0.4 விழுக்காடுதான். அதனால் பருத்தி வியர்வையைக் குடித்துக் கனத்து உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. நுண்துளைகளோடு பின்னப்பட்ட பாலியஸ்டர் துணியோ வியர்வையை இழைகளுக்கு இடையே இழுத்து வெளிப்பக்கம் பரப்பி விரைவில் உலர்கிறது. பாலியஸ்டர் என்று எழுதியிருப்பதெல்லாம் இப்படி நடந்துகொள்ளாது. நெருக்கி நெய்த பாலியஸ்டர் சட்டை, பருத்தியைவிடப் புழுக்கமானது. கடையிலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். துணியின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நொடிகளில் அது பரவி வெளிப்பக்கம் தெரிந்தால் அந்தத் துணி ஓட்டத்துக்கு ஏற்றது, முத்துப்போல் அப்படியே உருண்டு நின்றால் வேண்டாம். விலை உயர்ந்த வெளிநாட்டுப் பெயர் பொறித்த சட்டைதான் இந்தச் சோதனையில் தேறும் என்பதில்லை. திருப்பூரில் பின்னி வரும் எளிய விளையாட்டுப் பனியன்கள் பல நன்றாகவே தேறுகின்றன.

இதைப் படித்துவிட்டுப் பருத்தியை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. திருச்சி, வேலூர் போன்ற உள்மாவட்டங்களில் காற்று உலர்ந்து வீசும் நாளில், நனைந்த பருத்தி உடம்பைக் குளிர்விக்கும். வயலுக்குச் செல்பவர் தலையில் நனைத்துக் கட்டும் துண்டு அந்த அறிவில் பிறந்ததுதான். அலுவலகத்துக்குப் பதினைந்து நிமிடம் ஓட்டுபவர் பருத்திச் சட்டையிலேயே போய், அங்கே உலர்ந்த சட்டைக்கு மாறிக்கொண்டால் போதும். வேறு சிலருக்குச் செயற்கைத் துணியின் அடர்நீலச் சாயமே ஒவ்வாமையைத் தருகிறது. அக்குளின் குழிவை விட்டுவிட்டு அதைச் சுற்றிய விளிம்பிலும், துணி இறுக்கிப் பிடிக்கும் இடங்களிலும் சிவந்து அரித்தால் சாயத்தைத்தான் முதலில் ஐயப்பட வேண்டும். அவர்கள் வெள்ளை அல்லது வெளிர்நிறத் துணிக்கு மாறிப் பார்க்கலாம்.

மெத்தை வைத்த ஷார்ட்ஸைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்க்கும் புண்களில் பெரும்பகுதி அதைத் தவறாக அணிவதால் வருகிறது. அந்தக் காலத்தில் ஐரோப்பிய ஓட்டக்காரர்களின் ஷார்ட்ஸில் மலையாட்டின் மென்தோலை வைத்துத் தைத்தார்கள். துவைத்து உலர்ந்ததும் அது விறைத்துக்கொள்ளும் என்பதால் களிம்பு தடவி மிருதுவாக்கினார்கள். இன்று அந்த இடத்தில் நுரைமெத்தையும் அதன்மேல் தையலே இல்லாத வழவழப்பான துணியும் வந்துவிட்டன. நோக்கம் மட்டும் மாறவில்லை: இருக்கைக்கும் உடலுக்கும் நடுவே ஒரு தையல்கூட அழுந்தக் கூடாது. உள்ளே ஜட்டி அணிந்தால் அந்த நோக்கமே கெட்டுவிடுகிறது. அதன் தையல் உரசுகிறது, அதன் பருத்தி வியர்வையைப் பிடித்து வைக்கிறது. எனவே இந்த ஷார்ட்ஸுக்குள் எதையும் அணியக் கூடாது. கூச்சமாக இருந்தால் அதற்கு மேலே ஒரு தளர்ந்த ஷார்ட்ஸைப் போட்டுக்கொள்ளலாம். பெண்கள் பலர் அப்படித்தான் அணிகிறார்கள், அதில் தவறொன்றும் இல்லை.

மெத்தை தடிமனாக இருந்தால் சுகம் கூடும் என்பதும் சரியல்ல. இருக்கையின் உயரமோ அகலமோ பொருந்தாதபோது எவ்வளவு தடித்த மெத்தையும் உதவாது. அது கூடுதல் வெப்பத்தையும் ஈரத்தையும் பிடித்துவைக்கும் பஞ்சாகத்தான் இருக்கும். அளவு உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், கால் பட்டி தொடையில் பள்ளம் விழுமளவு இறுகக் கூடாது. இவை எல்லாவற்றையும்விட முக்கியம், வண்டியிலிருந்து இறங்கியதும் அதைக் கழற்றுவது. வழியில் டிபன் சாப்பிடும் வழக்கம் உள்ளவர்கள் ஒரு துண்டையும் உலர்ந்த அரைக்கால் சட்டையையும் பையில் வைத்துக்கொண்டு, உணவகத்தின் கழிப்பறையில் மாற்றிக்கொண்ட பிறகு உட்காருங்கள்.

இனி வெயில். கோடையில் சென்னையின் புற ஊதாக் குறியீடு, அதாவது தோலைச் சுடும் கதிர்களின் கடுமையைக் காட்டும் எண், நண்பகலில் 10-ஐத் தாண்டுவது சாதாரணம். கத்திரி வெயில் நாட்களில் காலை எட்டு மணிக்கு மேல் வெற்றுக் கையோடு ஓட்டுவதை நான் ஊக்குவிப்பதில்லை. துணியின் வெயில்காப்பு எண் 50 என்றால், அதன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது என்று பொருள். மெல்லிய வெள்ளைப் பருத்தி பனியன் இதில் மிகவும் பின்தங்கியது, வியர்வையில் நனைந்துவிட்டால் அதன் காப்பு இன்னும் குறையும். வெளிச்சத்தை நோக்கித் துணியை விரித்துப் பிடித்தால் எவ்வளவு வெளிச்சம் ஊடுருவுகிறது என்று கண்ணாலேயே ஓரளவு மதிப்பிடலாம். முழுக்கைச் சட்டை புழுக்கமாக இருந்தால், கழற்றி மாட்டக்கூடிய கையுறைபோன்ற ஸ்லீவ் போதும். விடியலில் சுருட்டிப் பையில் வைத்து, வெயில் ஏறியதும் மாட்டிக்கொள்ளலாம். குனிந்து ஓட்டுவதால் பிடரிதான் அதிகம் கருகும். காலர் உயர்ந்த சட்டை அங்கே உதவும். தலைக்கவசத்தின் காற்றுத் துளைகள் வழியே நெற்றியிலும் வழுக்கையிலும் கோடுகோடாகக் கருத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கவசத்துக்குள் ஒரு மெல்லிய தொப்பி வெயிலையும் தடுக்கும், கண்ணில் வியர்வை வழிவதையும் தடுக்கும். குழந்தைகளுக்கு முதுகில் வேர்க்குரு வாரி இறைத்திருந்தால், அது அடங்கும்வரை இறுக்கமான சட்டையே வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பலரும் தடித்த ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். வெளியே 25 டிகிரி வெப்பமும் உச்ச ஈரப்பதமும் இருக்கும்போது, அந்த நெகிழிக்குள் சுரக்கும் வியர்வைக்குப் போக்கிடமே இல்லை. அரை மணி நேரத்தில் உள்ளிருந்தே முழுதாக நனைந்துவிடுவார்கள். அலுவலக உடையோடு போகிறவருக்கு ரெயின்கோட் தேவைதான். அக்குளிலும் முதுகிலும் காற்றுத்திறப்பு உள்ளதாகப் பார்த்து வாங்கி, மெதுவாக ஓட்டுங்கள். உடற்பயிற்சிக்காக ஓட்டுபவர் விரைவில் உலரும் மெல்லிய உடையில் நனைந்தே போய், வீடு வந்ததும் மாற்றிக்கொள்வது நம் மழைக்குப் பொருந்தும். நம்முடைய மழையில் நனைவதால் தோல் கெடுவதில்லை. நனைந்தபடியே மணிக்கணக்கில் இருப்பதுதான் கெடுக்கிறது. கால்விரல் இடுக்கில் தோல் வெளுத்து ஊறிச் சேற்றுப்புண் வருவது அப்படித்தான். மழை நாளில் மூடிய காலணியைவிட நீர் வடிந்து போகும் பட்டை வைத்த செருப்புக் காலணி மேல், ஆனால் விரல்நுனி மூடியிருக்க வேண்டும். காலில் சிராய்ப்போ வெட்டோ இருந்தால் தேங்கிய வெள்ளத்தில் இறங்கவே வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி அந்தக் காயத்தின் வழியே உள்ளே புகும். சைக்கிள் உடை எதுவும் அதைத் தடுக்காது.

மழையின் இருளில் கறுப்பு உடை ஓட்டுநர்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு ஒளிர்நிறங்கள் பகலில், மேகமூட்டத்தில்கூட, எடுத்துக் காட்டும். அவை புற ஊதா ஒளியால் ஒளிர்வதால் இரவில் அவற்றுக்கு அந்த ஆற்றல் இல்லை. இரவுக்கு வேண்டியது விளக்கொளியைத் திருப்பியனுப்பும் பட்டை. அதை முதுகில் மட்டும் ஒட்டாமல் கணுக்காலிலும் கட்டுங்கள். மேலும் கீழும் அசையும் வெளிச்சத்தைப் பார்த்த நொடியில், மிதிக்கிற மனிதக் கால் அது என்று பின்னால் வரும் ஓட்டுநர் புரிந்துகொள்வார்.

அடுக்கு உடைகள் உண்மையாகவே தேவைப்படும் இடம் நம் மலைகள்தான். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், உதகை 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில், அடிவாரத்துக்கும் உச்சிக்கும் 12 டிகிரி வேறுபாடு. ஜனவரி விடியலில் உதகையில் புல்மேல் உறைபனி படியும். ஆனாலும் ஏறும்போது குளிர் தெரியாது, உடம்பெல்லாம் வியர்க்கும். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், திறந்த தோலுக்கு அது 6 டிகிரிபோல் இருக்கும். மிதிக்கவும் வேண்டியதில்லை என்பதால் உடம்பு வெப்பத்தையும் உண்டாக்காது. உள்ளே சட்டையோ வியர்வையில் நனைந்திருக்கிறது. விரல்கள் மரத்து, பிரேக்கை அழுத்தும் பலம் குறைந்தவர்களை அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் எண்ணிப்பார்க்கவே எனக்குக் கலக்கமாக இருக்கிறது. இறங்குவதற்கு முன் உள்சட்டையை மாற்றி உலர்ந்ததை அணிந்து, காற்று புகாத மெல்லிய விண்ட்சீட்டரை மேலே போட்டு, முழுவிரல் கையுறை மாட்டிக்கொள்ளுங்கள். மறந்து வந்துவிட்டால், தேநீர்க் கடையில் பழைய நாளிதழ் ஒன்றைக் கேட்டு வாங்கி நான்காக மடித்து, நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே செருகிக்கொள்ளுங்கள். ஐரோப்பிய மலைப்பந்தய வீரர்கள் நெடுங்காலம் நம்பிய வழி அது, கோத்தகிரியில் ஒருமுறை என்னையும் காப்பாற்றியது.

சைக்கிளுக்கென்று உடை வாங்காமல் அன்றாடம் பள்ளிக்கும் சந்தைக்கும் வேலைக்கும் ஓட்டுபவர்களே எண்ணிக்கையில் அதிகம். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: தொங்கும் துணி எதையும் சக்கரத்துக்கோ சங்கிலிக்கோ எட்டவிடாதீர்கள். துப்பட்டா பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் கழுத்தை இறுக்கும். மாணவிகள் அதைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்து, ஊசியும் குத்திக்கொள்ள வேண்டும். சக்கரத்தின் துணிக்காப்பு வலை உடைந்திருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டுவதும், பேன்ட்டின் வலது காலை ரப்பர் பட்டையால் இறுக்குவதும் அதே காரணத்துக்காகத்தான்.

முதலில் சொன்னவருக்கு வருகிறேன். மருந்துக் கடையில் கேட்டு அவர் வாங்கித் தடவியது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. அரிப்பு இரண்டு நாள் அடங்கியது. பூஞ்சை அடியில் பரவியது. இந்தியாவில் வழக்கமான மருந்துக்கு எளிதில் அடங்காத ஒரு பூஞ்சை இனம் 2020-இல் தனியாக அடையாளம் காணப்பட்டுப் பெயரிடப்பட்டிருக்கும் நிலையில், இந்தக் களிம்புகளைத் தாமாக வாங்கித் தடவுவது மிகவும் ஆபத்தானது. அவருக்குக் குணமாகப் பல வாரங்கள் ஆயின. மருந்தோடு மூன்று மாற்றங்களைச் செய்யச் சொன்னேன்: ஷார்ட்ஸுக்குள் ஜட்டி இல்லை, இறங்கியதும் உடைமாற்றம், ஒருமுறை அணிந்ததைத் துவைக்காமல் மறுமுறை அணிவதில்லை.

துவைப்பதில் சில கவனிப்புகள் உண்டு. மெத்தைப் பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுத் துவைத்து, அப்படியே காயவிடுங்கள். துணியை மிருதுவாக்கும் திரவம் வேண்டாம். அது இழைமேல் படிந்து வியர்வையை இழுக்கும் ஆற்றலைக் கெடுக்கும். பிளீச்சிங் திரவமும் இஸ்திரிப் பெட்டியும் நெகிழ்நூலை அழித்துவிடும். வீட்டில் ஒருவருக்குப் படர்தாமரை இருந்தால் அவர் துணியும் துண்டும் தனியாக. நவம்பரில் இரண்டு நாள் ஆகியும் மெத்தை காயாது என்பதால், அடிக்கடி ஓட்டுபவர் இரண்டு ஷார்ட்ஸ்களாவது வைத்திருப்பது அவசியம். காலையில் விரலால் மெத்தையை அழுத்திப் பாருங்கள். சில்லென்று ஈரம் தட்டினால் அன்றைக்கு அதை அணிய வேண்டாம், உலர்ந்த சாதாரண ஷார்ட்ஸில் பாதித் தூரம் ஓட்டிவிட்டுத் திரும்புங்கள்.