எந்த பெல்ட் என்று கேட்பதற்கு முன்னால்

கோபிசெட்டிபாளையத்தில் பச்சை பெல்ட் வரை வந்த பையன், அப்பாவுக்கு வேலை மாறியதால் கோயம்புத்தூருக்கு வருகிறான். புது கராத்தே வகுப்பில் சேர்க்கப் போனால் மாஸ்டர், “கொஞ்ச நாளைக்கு வெள்ளை பெல்ட்டே கட்டட்டுங்க, பார்த்துக்கலாம்” என்கிறார். வீட்டில் எல்லோருக்கும் கோபம் வருகிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டால் என் வகுப்புக்கும் இப்படி நாலைந்து பேராவது வருவார்கள். “ஏனுங்க மாஸ்டர், அஞ்சாவது பாஸ் பண்ணுன பையன வேற பள்ளிக்கூடத்துல ஒண்ணாவதுலயா உக்கார வெப்பாங்க?” என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஐந்தாம் வகுப்புக்கு மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரே பாடப்புத்தகம் இருக்கிறது. கராத்தேவுக்கு அப்படி எதுவும் இல்லை. எந்த நிறத்துக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்தந்தப் பிரிவும், அந்தப் பிரிவுக்குள் இருக்கும் அந்தந்த அமைப்பும்தான் முடிவு செய்கின்றன. பெல்ட்டைப் பற்றிப் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். குழப்பங்களில் பாதி இது தெரியாததால் வருபவை.

ஷோடோகான், ஷிட்டோ ரியூ, கோஜு ரியூ, வாடோ ரியூ ஆகிய நான்கும் ஜப்பானின் பெரிய பிரிவுகள். நம் பக்கம் இஷின் ரியூ வகுப்புகளும் உண்டு. ஷோடோகானில் நிற்கும் நிலை நீளமாகவும் தாழ்வாகவும் இருக்கும். கோஜு ரியூவில் சான்சின் என்ற குறுகிய நிலையும் மூச்சுப் பயிற்சியும்தான் அடிப்படை. கட்டாக்களும், அதாவது குறித்த வரிசையில் செய்யும் அசைவுத் தொகுப்புகளும், வேறு வேறு. ஷிட்டோ ரியூவில் பினான் என்று சொல்லிக்கொடுக்கும் ஐந்து கட்டாக்கள்தான் ஷோடோகானில் ஹெயான். ஆனால் முதலாவதும் இரண்டாவதும் அங்கே இடம் மாறிவிட்டன. ஷிட்டோ ரியூவில் இரண்டாவதாகப் படித்த கட்டா ஷோடோகானில் முதலாவதாக இருக்கும். கோஜு ரியூவில் இந்த ஐந்துமே கிடையாது, கெகிசாயில் தொடங்குவார்கள். அந்த கோபிப் பையன் கோஜு ரியூ படித்துவிட்டு ஷோடோகான் வகுப்புக்கு வந்திருந்தால், அவன் பச்சை பெல்ட்டுக்குச் செய்த கட்டாவை இங்கே யாரும் கேட்கவே மாட்டார்கள். அவன் படித்தது வீண் என்று அர்த்தமில்லை. உடம்பு பழகியிருக்கிறது, அதனால் வேகமாக மேலே வந்துவிடுவான். இருந்தாலும் நிறத்தை அப்படியே பெயர்த்து எடுத்துவர முடியாது.

நிறங்களின் வரிசையும் ஒன்று போல இருக்காது. நம் ஊர்களில் அதிகம் பார்ப்பது வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், ஊதா, பிரவுன், அதற்கப்புறம் கருப்பு. சில அமைப்புகளில் ஊதா கிடையாது, சிலவற்றில் நீலம் கிடையாது. கியோகுஷின் பிரிவில் நீலத்துக்கு அப்புறம்தான் மஞ்சளே வரும். அதனால் ‘நீல பெல்ட்’ என்று மட்டும் சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. எத்தனையாவது கியூ என்று கேட்பேன். கருப்புக்கு முந்தைய படிகள் கியூ. எண் இறங்கிக்கொண்டே வரும். பொதுவாக 10 அல்லது 9-ல் தொடங்கி 1-ல் முடியும். கருப்பு பெல்ட்டிலிருந்து டான். அது 1-லிருந்து 10 வரை ஏறும். பிரவுன் ஒரே நிறமாக இருந்தாலும் பெரும்பாலான இடங்களில் அதற்குள் 3, 2, 1 என்று மூன்று கியூ உண்டு. “ஒரு வருஷமா பிரவுன்லயே நிக்கறானுங்க” என்று வருத்தப்படுபவர்களுக்கு இதைத்தான் சொல்வது.

இந்த நிறங்கள் கராத்தே பிறந்த ஒகினாவாவில் பழைய நாளிலேயே இருந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே பெல்ட்டும் கிடையாது, டானும் கிடையாது. 1882-ல் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, கோ என்ற பலகை விளையாட்டில் ஏற்கெனவே இருந்த டான் முறையைத் தன் மாணவர்களுக்குக் கொண்டுவந்தார். ஒகினாவாவிலிருந்து 1922-ல் டோக்கியோ வந்த ஃபுனகோஷி கிச்சின் அதைப் பார்த்து, 1924-ல் கராத்தேவில் முதல் டான்களைக் கொடுத்தார். வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவில் இத்தனை நிறங்கள் வந்ததில் ஐரோப்பாவின் ஜூடோ வகுப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1930-களில் பாரிசில் ஜூடோ சொல்லிக்கொடுத்த கவாயிஷி இதைப் பரப்பினார். பொறுமையில்லாத மாணவர்களுக்கு நடுவில் சின்னச் சின்ன இலக்குகள் வேண்டியிருந்தன. வெள்ளை பெல்ட் துவைக்காமல் அழுக்கேறித்தான் கருப்பானது என்று வகுப்புக்கு வகுப்பு ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் இல்லை. உங்கள் பிள்ளையின் டிரெஸ்ஸைத் துவைத்தே அனுப்புங்கள்.

சரி, பெல்ட் டெஸ்ட்டில் என்னதான் பார்க்கிறோம்? கிஹோன், கட்டா, குமித்தே என்று மூன்று பகுதி. கிஹோன் என்பது குத்து, தடுப்பு, உதை, நிலை என்ற அடிப்படைகளைத் தனித்தனியாகச் செய்து காட்டுவது. கட்டாவில் அவற்றைக் குறித்த வரிசையில் கோக்க வேண்டும். குமித்தே எதிராளியோடு செய்வது. சின்ன பெல்ட்டுகளுக்கு, எந்தத் தாக்குதல் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யச் சொல்வோம். போகப் போக அந்தச் சலுகை கிடையாது.

மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும் பெற்றோருக்குப் பெரிதாகத் தெரிவது சத்தமும் உதையின் உயரமும். நான் பார்ப்பது முதலில் பின்னங்காலின் குதிகால். குத்தும்போது அது தரையைவிட்டு எழும்பினால் இடுப்பின் பலம் கைக்குப் போகவில்லை என்று அர்த்தம். அடுத்தது குத்தாத கை. ஒரு கை முன்னால் போகும்போது இன்னொரு கை இடுப்புக்கு இழுத்து வர வேண்டும். மஞ்சள் பெல்ட் பிள்ளைகளுக்கு அந்தக் கை வயிற்றுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருக்கும். பரவாயில்லை, எட்டு வயதில் அப்படித்தான் இருக்கும். பச்சையில் அதை விட மாட்டேன். பிரவுனுக்கு வந்தவர்களிடம் கேட்பதே வேறு. இந்தத் தடுப்பை எதற்குச் செய்கிறாய், எதிராளி கையைப் பிடித்துவிட்டால் இதே அசைவு என்ன செய்யும் என்று கேட்டால், செய்து காட்ட வேண்டும். வாயால் ஒப்பித்தால் போதாது. வரிசை தப்பாமல் கட்டா போட்டவன் இதில் திணறுவதும், கட்டாவில் ஒரு அடி மறந்தவன் இதில் பளிச்சென்று செய்வதும் உண்டு. நான் இரண்டாமவனுக்குத்தான் முதலில் பெல்ட் கொடுப்பேன். எல்லா மாஸ்டர்களும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒவ்வொரு படிக்கும் எத்தனை மாதம் என்ற கேள்விக்குப் பல அமைப்புகளின் விதி மூன்று முதல் ஆறு மாதம். பிரவுனில் இன்னும் அதிகம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒழுங்காக வரும் பிள்ளை கருப்பைத் தொட நான்கைந்து வருடமாவது ஆகும். இரண்டே வருடத்தில் கருப்பு என்று யாராவது உறுதி கொடுத்தால் அது பயிற்சியா வியாபாரமா என்று யோசியுங்கள். முழுப்பரீட்சை லீவில் ஒரே நாளில் இரண்டு நிறம் தாண்டும் ‘டபுள் புரமோஷன்’ நடக்கிறது. அபூர்வமாக அதற்குத் தகுதியுள்ள பிள்ளை வருவான். வகுப்பு மொத்தமும் தாண்டினால் சந்தேகப்பட வேண்டியதுதான். டெஸ்ட் ஃபீஸ் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மண்டபம், தேர்வாளர், சான்றிதழ் எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. ஆனால் ஃபீஸ் கட்டிய எல்லோரும் ஒவ்வொரு முறையும் பாஸானால் அங்கே நடப்பது டெஸ்ட் இல்லை. “உங்க வகுப்புல போன தடவை யாராவது ஃபெயில் ஆனாங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். நல்ல மாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பத்து வயதுக் குழந்தை கருப்பு பெல்ட்டோடு நிற்கும் படம் பத்திரிகையில் வந்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். பல அமைப்புகள் சிறுவர்களுக்கு ‘ஜூனியர் பிளாக் பெல்ட்’ என்று தனியாக வைத்து, வயது வந்தபின் மறுபடி டெஸ்ட் எடுத்து முழு டான் கொடுக்கின்றன. அது சரியான ஏற்பாடு. டானில் மேலே போவதற்கும் காத்திருக்க வேண்டும். முதல் டானிலிருந்து இரண்டாவதுக்கு இரண்டு வருடம், அங்கிருந்து மூன்றாவதுக்கு மூன்று வருடம் என்பது பரவலான கணக்கு. ஃபுனகோஷி தன் காலத்தில் ஐந்தாம் டானுக்கு மேல் யாருக்கும் கொடுக்கவில்லை. முப்பது வயதில் எட்டாம் டான் என்று ஃபிளெக்ஸ் அடித்திருப்பவரைப் பார்த்தால் அந்தக் காத்திருப்பைக் கூட்டிப் பாருங்கள்.

போட்டிக்கும் பெல்ட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பதும் தப்பான எண்ணம்தான். உலக கராத்தே சம்மேளனத்தின் விதிப்படி நடக்கும் போட்டிகளில் ஒருவர் சிவப்பு, எதிராளி நீலம் கட்டுவார்கள். அது யார் எந்தப் பக்கம் என்று காட்டத்தான். அங்கே பிரிப்பது வயதையும் எடையையும் வைத்து. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பெல்ட்டைப் பார்த்துப் பிரிக்கவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட் கேட்கப் போகிறவர்களுக்கு உதவுவது அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் சான்றிதழ். கருப்பு பெல்ட் சான்றிதழை நீட்டினால் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். பிளஸ் டூ முடித்த பிறகு இது தெரிந்து வருத்தப்பட்ட குடும்பங்கள் உண்டு. பிள்ளைக்குப் போட்டியில் ஆர்வம் என்றால், எட்டாவது ஒன்பதாவதிலேயே அந்தந்த வருடத்துக்கான விதிகளைப் படித்து, எந்தப் போட்டிகள் கணக்கில் வரும் என்று பார்த்துவிடுங்கள்.

கருப்பு பெல்ட் வாங்கியவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பதிவு செய்ய வேண்டும் என்ற பேச்சு காங்கேயம், தாராபுரம் பக்கமெல்லாம் இன்னும் ஓடுகிறது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டமே இல்லை.

கடைசியாக, கையில் வாங்கும் காகிதத்தைப் பற்றி. கருப்பு பெல்ட்டை ஸ்போர்ட்ஸ் கடையில் யார் கேட்டாலும் கொடுப்பார்கள், அதனால் பெல்ட்டை விடச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். அதில் பிரிவின் பெயர், அமைப்பின் பெயர், எத்தனையாவது கியூ அல்லது டான், தேதி, தேர்வாளர் கையெழுத்து இருக்க வேண்டும். டான் சான்றிதழ் என்றால் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். தலைமையகம் ஜப்பானில் என்று போட்டிருந்தால் அந்த எண்ணைக் கொடுத்து அங்கேயே விசாரிக்கலாம். பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழில் இருப்பது போலவே இருக்கின்றனவா என்று வாங்கிய அன்றைக்கே சரிபாருங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்தால், பிறகு திருத்தி வாங்க அலைய வேண்டியிருக்கும்.