இலவச வக்கீல் கேட்டுப் போனால் வருமானச் சான்று கேட்கிறார்களா?

பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு என எதுவானாலும், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் வக்கீல் தர வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்வது அதைத்தான். கிரிமினல் வழக்குக்கு மட்டும்தான் இது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வக்கீல் மட்டுமல்ல, கோர்ட் கட்டணம், நகல் செலவு, டைப்பிங் செலவு எல்லாமே இதில் அடக்கம்.

பெண்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சில வகையினருக்கு வருமான வரம்பு கிடையாது. இந்த வகைகளில் வராதவர்களுக்குத்தான் வரம்பு. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்.

ஆனால் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தின் கவுன்டரில் கேட்கும் முதல் கேள்வியே "வருமானச் சான்று இருக்கா?" என்பதுதான். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, கணவரை இழந்தவர். அண்ணன் போட்ட பாக வழக்கின் சம்மனை எடுத்துக்கொண்டு போனார். தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். இ-சேவை மையத்துக்கு அலைந்தார், வி.ஏ.ஓ.வைத் தேடி அலைந்தார். சான்று கைக்கு வருவதற்குள் வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது, அதாவது அவர் தரப்பைக் கேட்காமலே வழக்கு நகர்ந்துவிட்டது. அவர் பெண் என்பதே போதும். அந்தச் சான்றை அவரிடம் கேட்டிருக்கவே கூடாது. வருமான வரம்புக்குள் வரும் ஆண்களுக்கும் சட்டத்தின் 13ஆவது பிரிவு வழி சொல்கிறது: சந்தேகப்பட காரணம் இல்லாதபோது உறுதிமொழிப் பத்திரத்தையே ஏற்கலாம். பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பேச்சின் தொனியே மாறும்.

இலவச உதவிக்கு மனு கொடுத்துவிட்டதால் வழக்கின் கெடு நின்றுவிடாது. பலர் ஏமாறுவது இங்கேதான். சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் பதிலுரை போட வேண்டும். கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. வக்கீல் இன்னும் கிடைக்கவில்லை என்றாலும் வாய்தா தேதியில் நீங்களே போய் நில்லுங்கள். பெயர் கூப்பிட்டதும் "சட்ட உதவிக்கு மனு கொடுத்திருக்கிறேன், அவகாசம் வேண்டும்" என்று நீதிபதியிடம் சொல்லி, மனு கொடுத்த ரசீதைக் காட்டுங்கள். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பே வந்துவிட்டாலும் அதை ரத்து செய்யக் கோர 30 நாள் இருக்கிறது.

அந்த ரசீது இல்லாமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். மனுவுக்கு இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு சீல் வாங்குங்கள். 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. "அடுத்த வாரம் வாங்க" என்று வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு எந்தச் சாட்சியும் இருக்காது. மனுவை நிராகரித்தால் எழுத்தில் கேளுங்கள். அந்த ஆணைக்குழுவின் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். மாவட்டத்தில் அவர் முதன்மை மாவட்ட நீதிபதி. வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள் என்பதால் பட்டா, பத்திரம், சம்மன் எல்லாவற்றின் நகலும் கையில் இருக்கட்டும்.

உங்களுக்கு ஒதுக்கப்பட்ட வக்கீல் "செலவுக்கு" என்று எதைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவருக்கான கட்டணத்தை ஆணைக்குழுவே தருகிறது, உங்களிடம் வாங்க அவருக்கு உரிமையில்லை. வாய்தாவுக்கு வராமல் இழுத்தடித்தால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேளுங்கள். அவசரப்பட்டு வெளியே தனியாக ஒரு வக்கீலை வைத்தால் கிடைத்த உதவியும் ரத்தாகலாம்.

லோக் அதாலத்தில், அதாவது வழக்கைச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், பேசச் சொன்னால் போகலாம், தவறில்லை. ஆனால் அங்கே கையெழுத்துப் போட்ட சமரசத்துக்கு அப்பீல் கிடையாது. தொகை, தேதி, யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதை வரிக்கு வரி படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாவிட்டால் கையெழுத்துப் போட மறுக்கலாம். வழக்கு பழைய கோர்ட்டுக்கே திரும்பிப் போகும், உங்களுக்கு எந்தத் தண்டனையும் இல்லை.

எங்கே போவதென்று தெரியாவிட்டால் சட்ட உதவி எண் 15100க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட, தாலுகா கோர்ட் வளாகங்களிலேயே இந்த அலுவலகங்கள் இருக்கின்றன.