ஒரு மணி போதும்

1974-ன் பிற்பகுதியில் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களிலுள்ள பழங்குடிக் கிராமங்களில் காமாலை பரவியது. கண் மஞ்சளித்து, வயிற்றில் நீர் கோத்து 397 பேர் படுத்தார்கள். 106 பேர் இறந்தார்கள். தொற்றுநோய் என்று பார்த்தால், அந்த வீட்டு நாய்களுக்கும் அதே வயிற்று வீக்கம். ஆளும் நாயும் தின்றது ஒன்றைத்தான்: மக்காச்சோளம்.

அந்த வருடம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த கதிரைச் சரியாகக் காயவைக்காமலே சேர்த்து வைத்தார்கள். அதில் வளர்ந்தது ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் மஞ்சள்பச்சைப் பூஞ்சை. அது உண்டாக்கும் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின்.

இந்தப் பூஞ்சையின் வித்துகள் மண்ணிலேயே கிடக்கின்றன. வறட்சியில் வாடும் பயிருக்குள் பட்டுநூல் போன்ற சூலிழை வழியாகவோ புழு துளைத்த ஓட்டை வழியாகவோ நுழைந்துவிடும். ஆக, களத்துக்கு வரும்போதே கொஞ்சம் கூடவே வருகிறது. அதன்பின் எல்லாம் ஈரத்தைப் பொறுத்தது. மணியில் ஈரப்பதம் 13, 14 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை சும்மா கிடக்கும். அதைத் தாண்டினால் வளரும், வளரும்போது மூச்சுவிடும், அந்த மூச்சில் சூடும் நீரும் வெளியாகும். மூட்டையின் நடுவே கைவிட்டால் கதகதப்பாக இருக்கிறதே, அது இதுதான். தனக்கு வேண்டிய ஈரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பதுதான் இதில் மோசமான விஷயம்.

காயவைத்தால் பூஞ்சை அடங்கும், நஞ்சு போகாது. வேகவைத்தாலும் பெரிதாகக் குறையாது; அது உருகவே 260 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். உடம்புக்குள் போனால் கல்லீரல் அதை வெளியேற்றப் பார்க்கிறது. அந்த வேலையில்தான் அந்த நஞ்சின் எபாக்சைடு என்ற வடிவம் பிறந்து, நம் மரபுப் பொருளான டிஎன்ஏவில் குவானின் என்ற பகுதியில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதிக அளவில் தின்றால் கல்லீரலே செயலிழக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் தின்றால் புற்றுநோய் வரலாம். மாடு தின்றால் பாலிலும் இறங்கும். நம் ஊர் மக்காச்சோளத்தில் கணிசமான பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. அங்கும் இதே தலைவலிதான்.

தானியத்தில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் வரைதான் இந்தியா இன்று அனுமதிக்கிறது. 1974-ல் அந்தக் கிராமங்களின் மக்காச்சோளத்தில் இருந்தது 6,250 முதல் 15,600 வரை.

பரிசோதித்துப் பார்த்துவிட்டால் போகிறது என்று தோன்றும். ஆனால் நஞ்சு மூட்டை முழுக்கச் சீராகப் பரவியிருப்பதில்லை. ஒற்றை மணியில் கிலோவுக்கு 4 லட்சம் மைக்ரோகிராம் என்ற விகிதத்தில்கூட இருந்திருக்கிறது. மணியின் எடை 0.3 கிராம் என்று வையுங்கள்: அதில் 120 மைக்ரோகிராம். மற்றதெல்லாம் சுத்தமான 5 கிலோவில் அந்த ஒரு மணி கலந்தாலே, மொத்தமும் கிலோவுக்கு 24 ஆகி வரம்பைத் தாண்டிவிடும். மாதிரி எடுக்கும் கைக்கு அந்த மணி சிக்காவிட்டால் சரக்கு ‘பாஸ்’. ஆய்வகச் சீட்டை நான் அரை மனதோடுதான் நம்புவேன்.

காய்ந்துவிட்டதா என்று மணியைக் கடித்துப் பார்ப்பது நம்மவர் வழக்கம். ஈரமானி இல்லாத இடத்தில் இன்னொரு வழியும் உண்டு. நன்கு உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மக்காச்சோளத்தையும் காய்ந்த உப்பையும் போட்டு மூடிக் குலுக்கிவிட்டு, கால் மணி நேரம் வையுங்கள். பாட்டிலின் உள்சுவரில் உப்பு ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். மூட்டை கட்டாதீர்கள், திரும்பக் களத்தில் பரப்புங்கள்.