தூக்கம் சொக்கும் நேரத்தில் குழந்தை ஏன் குதிக்கிறது?

கண் சிவந்திருக்கும். கொட்டாவி வரும். 'சரி, தூங்கிவிடும்' என்று விளக்கை அணைத்தால், எழுந்து நின்று மெத்தையில் குதிக்கும். மூன்று வயதுக் குழந்தை உள்ள வீட்டில் இது அன்றாடக் கூத்து. அடம் என்று திட்டுகிறோம். பாவம், அதற்குள் இரண்டு விசைகள் எதிரெதிராக இழுக்கின்றன.

தூக்கத்தை இப்படி இரண்டு விசைகளாகப் பிரித்து 1982-இல் விளக்கியவர் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி. முதலாவது, தூக்க அழுத்தம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் போன்ற பொருட்கள் சேரும், தூங்கினால்தான் குறையும். சிறு குழந்தைகளுக்கு இந்த அழுத்தம் வேகமாக ஏறுவதால்தான் பகல் தூக்கம் தேவைப்படுகிறது. மாலையில் அரை மணி நேரம் கண்ணயர்ந்த குழந்தை இரவு வெகுநேரம் ஆட்டம் போடுவதும் இதனால்தான். சேர்த்து வைத்த அழுத்தத்தில் ஒரு பகுதி அங்கேயே இறங்கிவிடுகிறது.

இரண்டாவது, உடல் கடிகாரம். கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு கொத்து அது. அதன் போக்கு கொஞ்சம் விசித்திரம். பகல் முழுக்க ஏறும் தூக்க அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க, மாலைக்கு மேல்தான் அது விழிப்பை உச்சத்துக்குத் தூண்டுகிறது. அப்புறம், இரவு வந்துவிட்டதை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கும், தூண்டுதல் தளரும். அந்த உச்சத்தில் படுக்க வைத்தால் பெரியவர்களுக்கே தூக்கம் பிடிக்காது, குழந்தை எம்மாத்திரம்! அதற்காக ரொம்பவும் தள்ளிப்போட்டாலும் வம்புதான். களைத்த பெரியவர் சோர்ந்து உட்காருவார். களைத்த குழந்தைக்குத் தன்னை அடக்கும் திறன் முதலில் போய்விடும். சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வரும்.

கடிகாரத்தைக் கெடுப்பதில் வெளிச்சத்துக்குத்தான் முதலிடம். குழந்தையின் கண்மணி பெரிது, கண்ணின் வில்லை தெளிவானது. உள்ளே போகும் ஒளி நம்மைவிட அதிகம். 2018-இல் அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த ஓர் ஆய்வில், தூங்கப்போகும் முன் ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் இருந்த மழலையரின் மெலடோனின் கிட்டத்தட்ட 88 சதவீதம் குறைந்தது. விளக்கை அணைத்து 50 நிமிடம் ஆன பிறகும் பலருக்கு அது மீளவில்லை. பத்தே குழந்தைகளிடம் நடந்த சிறிய ஆய்வுதான். ஆனாலும், இரவு உணவுக்குப் பிறகு கூடத்து விளக்கைக் குறைக்க இதுவே போதுமான காரணம் என்பேன்.

பேசும் விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. 'தூங்கு' என்பது யாராலும் கீழ்ப்படிய முடியாத கட்டளை. படுப்பது நம் கையில் இருக்கிறது, தூங்குவது இல்லை. செய்ய முடியாததைச் சொல்லி அதட்டினால் படுக்கையே சண்டைக் களமாகிவிடும். 'விளக்கை நீ அணைக்கிறாயா, நான் அணைக்கட்டுமா?' என்று கேட்டால் அது குழந்தையால் செய்யக்கூடிய வேலை. அதோடு, நேரத்தைப் பற்றிப் பெரியவர்கள் முதலில் தங்களுக்குள் பேசி முடிவெடுக்க வேண்டும். ஒருவர் எட்டரைக்குப் படுக்க வைத்து, மறுநாள் இன்னொருவர் பத்தரை வரை விளையாட்டுக் காட்டினால், கடிகாரம் எதைப் பிடித்துக்கொள்ளும்? காலையில் எழுப்பும் நேரம் மாறாமல் இருந்தால் இரவு நேரமும் மெல்ல ஒழுங்குக்கு வரும்.

பிறந்து இரண்டு மூன்று மாதமே ஆன குழந்தைக்கு இதெல்லாம் பொருந்தாது. அதன் கடிகாரம் அப்போதுதான் உருவாகத் தொடங்குகிறது. பசிக்கும்போது விழிக்கும், அவ்வளவுதான்.